பின்வாசல், இரண்டு நாற்பது

வரைபடத்தை வரைந்தவள் நான்தான்.
போஸ்னானில், வார்தா ஆறு உறைந்து கிடந்த மாதம்.
டிராம் கதவு செய்கிற கம்பெனி.
பன்னிரண்டு வார மின்னஞ்சல்களில்
யார் யாருக்கு எழுதினார்கள் என்று மட்டும் எண்ணினேன்;
என்ன எழுதினார்கள் என்று பார்க்க எனக்கு அனுமதியில்லை.
நாற்பத்தொரு ஆட்கள், நாற்பத்தொரு புள்ளிகள்.

மூன்றாம் மாடி ஒரு கொத்து: ரப்பர் விளிம்புக்காரர்கள்.
முதல் மாடி ஒரு கொத்து: மென்பொருள்.
அவரவர் கொத்துக்குள் அத்தனை நெருக்கம்,
ஒருவர் தும்மினால் ஒன்பது பேர் கைக்குட்டை நீட்டுவார்கள்.
இரண்டுக்கும் நடுவே வெற்றுத் தாள்.
அதில் ஒரே ஒரு மயிரிழை
கிங்கா வழியாகப் போனது.

கிங்கா உதிரிபாகக் கணக்கு.
கதவைப் பற்றி அவளுக்குக் கதவளவும் தெரியாது.
பின்பக்க இரும்புப் படிக்கட்டில் புகைபிடிப்பாள்,
பதினொன்றுக்கு மேல்மாடி லெஷெக்கோடு,
மூன்றுக்குக் கீழ்மாடி ஆட்களோடு.
அவ்வளவுதான்.

அந்தக் குளிரில் கதவுகள் மூட மறுத்தன.
அடிமூலையில் ஒட்டிய பனிக்கட்டியை
யாரோ பயணியின் கை என்று நினைத்துத்
திறந்தன, திறந்தன, திறந்துகொண்டே இருந்தன.
மேலே கேட்டால் கீழே தப்பு.
கீழே கேட்டால் மேலே.
லெஷெக் ஒருநாள் தன் நாயைத் திட்டிக்கொண்டிருந்தான்:
வீட்டுக்குள் வந்து நின்றுதான் பனியை உதறுகிறது, சனியன்.
நான்கு மணி நேரம் கழித்து
அதே நாயைக் கீழ்மாடிக்காரர்கள் நடுவே
அவிழ்த்துவிட்டாள் கிங்கா.
சிரிக்கத்தான் சொன்னாள்.
ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை.

மூடுவதற்கு முன் அரை நொடி
இப்போது கதவு உடம்பை உதறிக்கொள்கிறது.

காப்புரிமைப் படிவத்தில் ஆறு பெயர்கள்.
நாயும் இல்லை, கிங்காவும் இல்லை.

நிர்வாகி ரொமுவால்ட் என் தாளை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
'இந்த மயிரிழையைக் கயிறாக்குவோம்' என்றார்.
ஆக்கினார்.
கிங்காவுக்குக் கண்ணாடி அறை, பதவி,
கதவைவிட நீளமான பெயர்ப்பலகை.
செவ்வாய்தோறும் பத்து மணிக்கு
இரண்டு மாடியும் ஒரே மேசையில்.
எந்தக் கடிதமானாலும் எல்லாருக்கும் ஒரு நகல்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்:
ப்ர்னோவுக்குப் போக வேண்டிய அறுபது கதவுகளும்
சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்பே போயின.
யாரும் யார்மேலும் பழி போடவில்லை.
ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை இன்னொருவர் முடித்தார்.
பிறகு எல்லாருமே
ஒரே வாக்கியத்தைத் தொடங்கினார்கள்.

கோடையில் இரண்டாவது வரைபடம்.
தாளில் வெள்ளையே மிச்சமில்லை.
ரொமுவால்ட் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

வலையில் இருக்கிற ஓட்டைக்குக் கண் என்று பெயர்.
கண்ணையெல்லாம் அடைத்துவிட்டால் அது துணி.
துணியை ஆற்றில் வீசி இழுத்தால்
கனக்கும்,
தண்ணீர்தான்.

இரும்புப் படிக்கட்டுப் பக்கம் காணோமே என்றேன் கிங்காவிடம்.
'போய் என்ன செய்ய?
எல்லாருக்கும் தெரிந்ததை
யாரிடம் தூக்கிக்கொண்டு போவது?'
புதினா மிட்டாய் ஒன்றை எனக்கும் கொடுத்தாள்.
நல்ல சம்பளம் என்றாள், நான் கேட்காமலே.

மூன்றாம் முறை, நுழைவு அட்டைகளையும் எண்ணச் சொன்னார்கள்.
பின்வாசல். தினமும் இரண்டு நாற்பது.
ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அட்டைகள்:
பூச்சுப் பிரிவில் புதிதாய்ச் சேர்ந்த ஹால்ஷ்கா,
சோதனைத் தடத்தில் டிராம் ஓட்டுகிற ஒரு கிழவர்.
சிகரெட்டோ, சூப்போ, நாய்க்கதையோ,
அட்டைக்குத் தெரியாது.
எனக்கும்.

'புதிதாக ஏதாவது?' என்றார் ரொமுவால்ட்.
அந்த வரிசைமேல் விரலை வைத்தபடி
'ஒன்றுமில்லை' என்றேன்.
அழித்தேன்.

என் தொழிலில் இது குற்றம்.
ஐந்தாம் எண் டிராமில் வீடு திரும்பினேன்.
பனியே இல்லாத ஆகஸ்டிலும்
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
கதவு ஒருமுறை உதறிக்கொண்டது.
எதிரே ஒரு குழந்தை அதைப் பார்த்து
தானும் உதறியது.