ஏழாம் துளை

மூடிக் கிடக்கும் மில்லுக்குள் பதினான்கு துளைகள் போட வேண்டும்.
புளியந்தோப்பு வரைபடத்தில் பதினான்கு சிவப்புப் புள்ளிகள்.
முதல் ஆறும் சாதுவானவை:
செங்கல் சல்லி, நிலக்கரிச் சாம்பல்,
அப்புறம் மெட்ராஸில் எங்கே தோண்டினாலும் வருகிற
அதே கருத்த களி.

இயந்திரம் ஓட்டுபவர் இஸ்ரவேல்.
குழாய் இறங்கும் சத்தத்தை வைத்தே
கீழே இருப்பது என்னவென்று சொல்லிவிடுவார்.
ஏழாவதில், இரண்டே முக்கால் மீட்டரில்,
இன்ஜினை அணைத்தார்.
"மேடம், இது மண்ணில்ல."

தார்ப்பாயில் வைத்துப் பிளந்தோம்.
நீலம்.
புதுக் கைலியை நனைத்துப் பிழிந்தால்
முதல் தண்ணீரில் வருமே, அந்த நீலம்,
பசைபோல் கெட்டியாக.
கையுறையில் ஒட்டி
என் சாப்பாட்டு டப்பாவின் மூடிவரை வந்துவிட்டது.

*

மில்லுக்கு ரம்பப்பல் கூரை.
கண்ணாடியெல்லாம் வடக்கே பார்க்கும்.
வெளிச்சம் போதும், வெயில் வேண்டாம் என்று
அத்தனை வருஷமும்
சூரியனுக்கு முதுகு காட்டி நின்றது.
இப்போது அந்த முதுகுதான் வேண்டுமாம்,
சோலார் தகடு பதிக்க.
கீழே, கிழிந்த ஜீன்ஸையும் பனியனையும்
திரும்பப் பஞ்சாக்கி நூலாக்கும் ஆலை.
ஒரு சொட்டு சாயத்தண்ணீர் வெளியே போகாதாம்.
திட்டப் படத்தில் நிழல் மரங்கள்,
மரத்தடியில் சைக்கிளோடு ஒரு பெண்,
இந்தத் தெருவில் யாரும் போடாத தொப்பியோடு.

கிண்டலில்லை.
எனக்கு அந்த ஆலை வேண்டும்.
ஐஸ் பெட்டியில் மண் பாட்டில்களை அடுக்கும்போதெல்லாம்
வரட்டும், வரட்டும் என்றுதான் நினைக்கிறேன்.
இன்னொரு முப்பது மாடிக்கும்
அதன் உச்சியில் ஒரு நீச்சல் குளத்துக்கும்
இது எவ்வளவோ மேல்.

வாசல் காவலுக்கு ஜெபமாலை.
"ஆள் எடுப்பாங்களா? எம்பொண்ணு ஐ.டி.ஐ.ல எலக்ட்ரீஷியன்."
எனக்கு மண் பார்க்கிற வேலைதான் என்றேன்.
"மண்ணப் பாத்துதான முடிவு பண்ணுவாங்க?"
பதில் இல்லாமல்
தொப்பியைக் கழற்றி மாட்டினேன்.

*

வாட்ஸ்அப்பில் நீலத்தைப் பார்த்துவிட்டு
சாயங்காலம் ஆலோசகர் ரகோத்தமன் அழைத்தார்.
"பதினாலும் முடியட்டும். கூட்டி சராசரி போட்டா
வரம்புக்குள்ள வந்துடும்.
லேட்டானா முதலீட்டாளர் ஒரகடம் பக்கம் போயிடுவாரு."

சராசரி.
சராசரியாக முழங்கால் ஆழம் என்று செய்தியில் சொன்ன
ஒரு டிசம்பர் மழையில்தான்
எங்கள் பிளாக்கில் கட்டில் மிதந்தது.

மறுநாள் காலை துளைக்குள் அளவு நாடாவை விட்டேன்.
இரவில் நீர் ஊறி
ஒன்று எழுபதுக்கு ஏறியிருந்தது.
நாடாவின் நுனியில் அதே நீலம், கொஞ்சம் வெளிறி.
மதிலுக்கு அந்தப் பக்கம்
கிரீச், கிரீச். யாரோ அடிபம்பு அடிக்கிறார்கள்.

"குடிக்கிறதில்ல மேடம், தொவைக்கத்தான்.
வெள்ளத் துணி மட்டும் அதுல போட மாட்டோம்"
என்றாள் ஜெபமாலை,
மழைக்குக் குடை எடுப்போம் என்பதுபோல.

எத்தனை வருஷமாக என்று கேட்கவில்லை.
அதை எழுதக் குறிப்பேட்டில் கட்டம் கிடையாது.

*

குறிப்பேட்டில் எழுதினேன்:
ஏழாம் துளை. ஆழம் 2.75. நிறம் நீலம்.
தனியே காட்டவும், கூட்டக் கூடாது.
எல்லை காண இன்னும் நான்கு துளைகள்: 7அ, 7ஆ, 7இ, 7ஈ.
தோண்டி எடுக்கும் மண் கும்மிடிப்பூண்டிக்கு என்று எழுதியபோது
அங்கே மதிலுக்கு அந்தப் பக்கம்
யார் என்று தெரியாமல்
பேனா கொஞ்சம் நின்றது.
அப்புறம் எழுதியது.

பதினான்கு புள்ளிகள் பதினெட்டாயின.
இஸ்ரவேல் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஏழு ஈ காம்பவுண்டுக்கு வெளிய இருக்கே?"

ஆமாம். அடிபம்பிலிருந்து மூன்றடி.

"அந்தச் சந்துல மிஷின் போகாது மேடம்.
ஒண்ணரை ஆள் அகலம்."

கையால் திருகலாம், என்றேன்.
அவர் ஷெட்டுக்குப் போய்
துரு ஏறிய கைத் துரப்பணத்தை எடுத்து வந்தார்.
நான் ஒரு பக்கம் பிடித்தேன்.
சந்து முனையில் ஜெபமாலை
கொடியில் காய்ந்த துணிகளை ஒதுக்கி
வழி விட்டாள்.
எல்லாம் கலர்த் துணிகள்.