முள்ளித்தீவுக்குத் தெக்க

ஜெராக்ஸ், லேமினேஷன், ஆங்கில மனு.
கீழக்கரை பஸ் ஸ்டாண்டு எதிரில் என் போர்டு.
மூன்றாவதை எழுதியது
கொஞ்சம் துணிச்சலில்.

பூமயில் சொல்லச் சொல்ல அடித்தேன்:
"முள்ளித்தீவுக்குத் தெக்க, ஒண்ணரைப் பாகத் தண்ணியில
முங்கித்தான் பாசி எடுத்தோம்.
தீவுல ஒருத்தியும் கால் வைக்கல."
திரையில் விழுந்தது
இன் த சவுத் ஆஃப் முள்ளி ஐலண்ட்.
சவுத் வந்துவிட்டது, ஐலண்டும் வந்துவிட்டது,
கடைசி வரி அடிக்குமுன் கரண்ட் போனது.
இருந்தவரை போதும் என்று
கரண்ட் வந்ததும் பிரிண்ட் எடுத்து
நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

பதினோராம் நாள் வந்தாள்.
விரல்களில் சுற்றிய பாறைத்துணி இன்னும் ஈரம்,
வனத்துறைக் கடிதத்தின் ஓரமும் ஈரம்.
"நாங்க தீவுலதான் இருந்தோம்னு
நாங்களே எழுதிக் குடுத்திருக்கோமாம்.
ஆளுக்கு ரெண்டாயிரம்."

ராத்திரி என் பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.
எலி தின்றது போக மிச்சம் இருந்த பக்கத்தில் இருந்தது:
இன் என்றால் அந்த இடத்துக்குள்ளே,
மணலில், தாழம்புதரில்,
போகக்கூடாது என்று பலகை நட்ட இடத்தில்.
டு என்றால் வெளியே,
அலை அடிக்கிற பக்கம்.
இரண்டே எழுத்து.
அதை வைத்து ஏழு பெண்களைக்
கரையேற்றிவிட்டேன்,
அவர்கள் ஏறாத கரையில்.

தெக்க என்றது மட்டும் என் காதில் விழுந்திருக்கிறது.
அதற்கு முன்னால் அவள் ஒரு 'க்கு' வைத்திருந்தாள்.
தீவுக்கு.
எத்தனை முறை சொன்னாளோ,
அத்தனை முறையும் வைத்தாள்.

காலையில் கடை திறக்கும்போதே
ஷட்டர் பக்கத்தில் நின்றாள்.
புதிதாக அடித்தேன், கடைசி வரியோடு. காசு வேண்டாம் என்றேன்.
கச்சான் காற்றில் பறக்காமல்
நாற்பது ரூபாய்மேல் ஸ்டாப்ளரை வைத்துவிட்டு
"ஒருக்கா படிச்சுக் காட்டு" என்றாள்.

டு த சவுத் ஆஃப் வரைக்கும் படித்து
நிறுத்தி, விரலால் தொட்டுக் காட்டினேன்.
"இதுலதான் நாங்க தண்ணியில நிக்கிறமா?"
"ஆமா."
தாளைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்,
பார்சிக்குள் சங்கு தேடுகிறவள் மாதிரி.

"இத மட்டும் கொஞ்சம் பெருசா
அடிச்சிருக்கலாம்ல?"