கூடுதல் பொறுப்பு

ஆய்வகத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில்
ஒரு பீரோ, ஒரு பிரிண்டர், நான்.
வாசலில் 'வேலைவாய்ப்பு வழிகாட்டி மையம்' என்று
எழுத வந்தவர் ஒரு 'ழி'யை விழுங்கிவிட்டார்.
இரண்டு வருடமாக நான் வகாட்டி.
வேதியியல் பாடம் போக, இது கூடுதல் பொறுப்பு.
சம்பளத்தில் கூடுதல் இல்லை.

பீரோவுக்குள் மூன்று டை, இரண்டு வெள்ளைச் சட்டை,
எட்டாம் நம்பர் கறுப்பு ஷூ ஒரு ஜோடி.
ஆறாம் நம்பர்க்காரன் நுனியில் செய்தித்தாள் திணிப்பான்.
பத்தாம் நம்பர்க்காரன் பல்லைக் கடித்துக்கொள்வான்.
நேர்காணல் முடிந்தவன் வராந்தாவிலேயே கழற்றி
சூடு ஆறுமுன் அடுத்தவனுக்குத் தருவான்.
கவிழ்த்தால் இன்னும் மணல் விழுகிறது.

கடலில் இறங்குகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளை
எந்த வாசலும் சேர்க்காத காலத்தில்
உடைமரம் வெட்டித் தொடங்கிய கல்லூரி என்று
ஆண்டு மலரின் முதல் பக்கம் சொல்கிறது.
கம்பெனிகளுக்கு அதை நான் வாசிப்பதில்லை.
"உச்சிப்புளியா? எங்க இருக்கு?
ராமேஸ்வரம் போற வழியா?
சாமி கும்பிட வர்றப்ப பார்க்குறோம் மேடம்."
வந்தவை இரண்டு.
ஒன்று இன்சூரன்ஸ்.
இன்னொன்று ஸ்ரீபெரும்புதூர் கிடங்கு.
பி.எஸ்சி. கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவனைப் பார்த்து
"வெயில் தாங்குவீங்கள்ல?" என்றார் அந்த ஆள்.

ரெக்சிலாவுக்கு மாதிரி விண்ணப்பம் அடித்துக் கொடுத்தேன்.
'பொழுதுபோக்கு: நீச்சல்.'
பேனாவால் அடித்தாள்.
"அது பொழுதுபோக்கு இல்ல மேடம்.
கிலோ எழுபது ரூபா."
மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப்
பள்ளிக்கூடக் காலத்திலிருந்து முங்குகிறவள்.
காலில் தகடு, கண்ணில் கண்ணாடி,
விரலெல்லாம் துணிச்சுற்று.

தேர்வு மதுரையில், ஒன்பதரைக்கு.
ஒன்பது இருபதுக்கு என் போன் அடித்தது.
"மேடம், மெசினு என் விரல எடுக்க மாட்டேங்குது."
பத்தையும் வைத்துப் பார்த்தாயிற்று.
துடைத்து வைத்து, எச்சில் தொட்டு வைத்து.
பாறை தேய்த்த ரேகையில்
பச்சை விளக்கு எரியவில்லை.
மேற்பார்வையாளர் வாங்கிப் பேசினார்.
"ஆளு யாருன்னு ப்ரூஃப் வேணும்மா. ரூல்."

கல்லூரித் தாளில் எழுதினேன்:
*இதன்மூலம் சான்றளிப்பது யாதெனில்
இவர் இவர்தான்.*
வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.
முத்திரை குத்திப் படமெடுத்து அனுப்பிவிட்டு
நீலக்கோடுக்குக் காத்திருந்தேன்.
வகுப்பில் பையன்கள் சத்தம் போட்டார்கள்,
போடட்டும்.
ஒன்பது நாற்பத்தொன்றுக்கு உள்ளே விட்டார்களாம்.
பதினொரு நிமிடம் போனது போனதுதான்.

முடிவு இன்னும் வரவில்லை.
இன்று வந்தாள், தலை ஈரமாக.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
"அந்த லெட்டர் இன்னொண்ணு கெடைக்குமா மேடம்?
ரேஷன் கடையில அம்மா விரலும் எடுக்கல.
மூணு மாசமா அரிசி இல்ல."
கொஞ்சம் நிறுத்தி,
"பக்கத்து வீட்லயும் கேட்டாங்க.
மொத்தம் ஒம்பது பேரு."

அவர்கள் யாரும் இந்தக் கல்லூரியில் படிக்கவில்லை.
பேரைச் சொல்லு என்றேன்.
பிரிண்டரில் தாள் வைத்தேன்.
மை குறைவு என்று
சிவப்பாக மின்னுகிறது அது.