ட்ரமொக்டர் கணவாய், ஸ்காட்லாந்து

எழுநூற்றுப் பன்னிரண்டாவது மைல்.
எதிர்க்காற்று. செயினில் மணல்.
மைலுக்கொரு பவுண்ட் எனக் கையெழுத்திட்ட
குரோய்டன் பல்வைத்தியரை
வைதபடி மிதிக்கிறேன்.

பின்னால் வேனில் ஃபெர்கஸ்,
தீயணைப்பில் இருந்தவன்.
பக்கத்து இருக்கையில் பிராக்கன், அவனது கறுப்பு நாய்.
அவன் கனவில் கத்தினால் எழுப்பும்.
இன்னொருவருக்கு இன்னொரு பிராக்கன்:
அதற்குத்தான் இந்தக் காசு.

மலையின் தோளை உரசிக்கொண்டு போனது
பயிற்சி ஜெட் ஒன்று.

சைக்கிள் எங்கே விழுந்ததோ.
வாய்க்காலில் குப்புறக் கிடந்தேன்
காதைப் பொத்தி, வாயைத் திறந்து,
எட்டு வயதில் பங்கருக்குள்
சொல்லித்தந்தபடியே.

முதுகில் ஒரு பாரம்.
சூடாக. ஈரக் கம்பளி வாசத்தோடு.
நகரவேயில்லை.

வெகுநேரம் கழித்து
ஃபெர்கஸ் பிளாஸ்கைத் திறந்தான்.
"நான் ஏவவில்லை" என்றான்,
"அதன் வேலை அங்கி
வேனிலேயே கிடக்கிறது, பார்."