ஈயக் கதவு

விழுந்தவளுக்கு மணிக்கட்டு உடையும்.
ஓங்கி வந்ததைத் தடுத்தவளுக்கு
முன்கை நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு.
காங்கயம் அரசு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்
பதினோரு வருசம் இதைப் பார்த்தாயிற்று.
சீட்டில் மட்டும் எப்போதும்
'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்.'
இத்தனை பேரை வழுக்கிவிடுகிற பாசிக்கு
இந்தப் பக்கம் தண்ணீர் ஏது?

எலும்பை நான் எழுதலாம்.
காரணத்தை எழுத எனக்கு அதிகாரமில்லை.

கூட வந்தவர் நுழையக்கூடாத அறை
இந்தக் கட்டடத்தில் இது ஒன்றுதான்.
டாக்டர் முன்னால் அவரே பேசுவார்,
ஊசி போடுமிடத்தில் அவரே கைபிடிப்பார்.
இங்கே கதவில் மஞ்சள் முக்கோணம்;
கதிருக்குப் பயந்து
பெஞ்சுக்கு நகர்ந்துவிடுவார்.
"மிஷின் சூடாகோணுமுங்க, அஞ்சு நிமிசம்" என்பேன்.
மிஷின் காலையிலேயே சூடாகிவிட்டது.

மாசமா இருக்கீங்களா என்று கேட்கச் சொல்கிறது விதி.
அந்தக் கேள்வியின் முதுகில் ஏற்றி
இன்னொன்றையும் அனுப்பிவிடுவேன்.

யசோதாமணி தோட்டத்திலிருந்து காரில் வந்தாள்.
கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்க
இங்கே எதற்கு என்றேன்.
"அங்க எலும்பு டாக்டரு எங்க பங்காளிங்க."
கொடி மறைக்கும், கழற்றுங்க.
கழற்றவில்லை.
எட்டுப் பவுனும் நெஞ்சுக்கூட்டின் மேல்
வெள்ளை வெளேரென்று விழுந்தது படத்தில்.
அதனடியில் என்ன விரிசலோ,
எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

துளசிமணி வெள்ளகோவில் தறிக்குடோனிலிருந்து
எட்டு நாள் கழித்து வந்தாள்.
வாங்கிய முன்பணம் இருக்கிறது, லீவு இல்லை.
எலும்பு அவளைக் கேட்காமல்
கோணலாகவே கூடத் தொடங்கியிருந்தது.
"போலீசுக்கு எழுதுவாங்களாக்கா?"
எழுதுவாங்க.
"அப்ப விழுந்தேன்னே இருக்கட்டும்.
ஸ்டேசன்ல மொதல்ல எந்தத் தெருன்னுதான் கேப்பாங்க."

நேற்று பனிதா.
தேங்காய்ப்பருப்புக் களத்தில் அள்ளுகிறவள்.
கதவுக்கு வெளியே புருசனும் மேஸ்திரியும்;
அவள் ஆதார் மேஸ்திரியின் சட்டைப்பையில்.
அஞ்சு நிமிசம் கிடைத்தது,
எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாய்
ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.
மாசமா என்பதை
என் வயிற்றில் கைவைத்துக் கேட்டேன்.
மற்றதை எங்கே கைவைத்துக் கேட்பது?

விலா எலும்பு. மூச்சை இழுத்து
அடக்கிக் காட்டினேன்.
அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை,
உடனே பிடித்துக்கொண்டாள்.
படம் எடுத்தாயிற்று. கண்ணாடி வழியே பார்க்கிறேன்,
இன்னும் பிடித்தபடியே நிற்கிறாள்,
கண் கதவின் மேல்.

விடலாம் என்பதற்கு ஒடியாவில் என்ன சொல்வார்கள்?

ஓடிப்போய் அவள் முன்னால் நின்று
நான் விட்டேன், சத்தமாக.
அவளும் கொஞ்சம் விட்டாள்.

வெளியே தட்டுகிறார்கள்.