தகரத்துக்குக் கீழே

பஹாவில், தாமான் வீட்டுப் பின்புறம்,
துணி காயப்போடும் இடத்தை மறித்து
நானே ஆணியடித்த அறை.
எட்டடிக்கு ஆறடி. மேலே ஜிங்குத் தகரம்.
காலை பத்து மணிக்கு மேல்
உள்ளே நிற்பவர் அப்பளம்.

இங்கேதான் விமானம் செய்கிறேன்.
எஞ்சின் இல்லாதது, ஆள் ஏறாதது,
கையால் எறிந்தால் போகிற வகை.
பால்சா மரம், வெங்காயத் தோல் மாதிரி ஒரு தாள்,
நகப்பூச்சு வாசமடிக்கும் ஒரு திரவம்.
செம்பனை ஆலையின் எடைமேடையில்
ஆறு நாளும் டன் கணக்கில் எழுதுகிற எனக்கு
ஏழாம் நாள்
கிராம் கணக்கில் ஒன்று வேண்டியிருந்தது.

மார்ச்சில் இறக்கை முறுக்கிக்கொண்டது.
ராத்திரி நேராக வைத்துவிட்டுத்தான் போனேன்.
மறுநாள் மத்தியானம் பார்த்தால்
காய்ந்த வெற்றிலையாய் ஒரு மூலை தூக்கி நிற்கிறது.
பசையோ நான் விரல் வைக்குமுன் இறுகிவிடும்.
வெப்பமானி முப்பத்தொன்பதைத் தொட்டதும்
அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

சும்மா விடுவேனா?
ஆ லெக் கடையில் வெள்ளித்தாள் ஒரு சுருள்,
நாற்பத்திரண்டு வெள்ளி.
தகரத்தின் அடிவயிற்றில் ஒட்டினேன்.
பசார் மீன்காரர் வீசிய வெள்ளைப் பெட்டிகளைப்
பலகையாய் அறுத்து
கூரைக்கும் எனக்கும் நடுவே செருகினேன்.
மூன்று நாள் அறையெல்லாம் கெம்போங் மீன்;
ஜன்னலில் பூனைகள் வரிசை நின்றன.
சாக்கை நனைத்துக் கூரைமேல் விரிக்கப் போனேன்,
அன்றைக்கென்று பார்த்துத் தண்ணீர் வெட்டு.
விசிறிக்கு முன்னால் வாளியில் ஐஸ் வைத்தேன்.
குளிர்ந்தது, உண்மை.
ஆனால் ஈரம் குடித்த தாள்
ஆறிப்போன ரொட்டி சானாய் போலத் தொய்ந்தது.

லாரியை நிறுத்திவிட்டு வந்த தனபாலன்
கதவோரம் நின்று பார்த்தார்.
"பேசாம படுக்கையறையில செய்யேன்,
ஏர்கோன் இருக்குல்ல."
செய்யலாம். மெத்தையில் மரத்தூள்,
தலையணையில் அந்த வாசம்,
அப்புறம் அவர் எங்கே படுப்பார்?
அதுவும் இல்லை.
கதவைச் சாத்தினால் நான் மட்டும் இருக்கிற இடம்
வேறெங்கே இருக்கிறது எனக்கு?
அதைச் சொல்லவில்லை.
"கரண்டு பில்" என்றேன்.

கடைசியில் உதவியது இரண்டு ஓட்டை.
தரையோடு ஒன்று, எதிர்ச்சுவரில் கூரையோடு ஒன்று.
கீழே காக் ஸாலேஹா வீட்டு வாழை நிழல் நுழையும்,
மேலே சூடு தானாகக் கிளம்பிப் போகும்.
முப்பத்துமூன்று. போதும்.
விடியற்காலை நாலரைக்கு எழுந்து தாள் ஒட்டினேன்,
ஆலைச் சங்கு ஊதுமுன் முடித்தேன்.

ஞாயிறு பதினொரு மணி, பாடாங்.
எறிந்தேன்.
இருபது வினாடியில் இறங்க வேண்டியது.
தாமான் பக்கம் திரும்பியதும்
யாரோ அடியில் உள்ளங்கை கொடுத்த மாதிரி
தயங்கியது, ஏறியது.
நூற்றுப் பதினான்கு வீட்டுக் கூரையும்
என் அறைக் கூரையும் சேர்ந்து
வானத்துக்குத் துப்பிய சூடு.
மேலே ஒரு செம்பருந்து முன்னமே வட்டமிட்டிருந்தது;
இதுவும் போய் அதன் கீழே வட்டமிட்டது.

வாலில் ஒரு சின்னத் திரி உண்டு.
எறியுமுன் கொளுத்த வேண்டும்.
எரிந்து முடிந்தால் வால் நிமிரும், விமானம் இறங்கும்.
நான் கொளுத்தவில்லை. மறந்துபோனேன்.
ஆலைப் புகைபோக்கியைத் தாண்டி
செம்பனைக்கு மேல் ஒரு புள்ளி,
அப்புறம் என் கண்ணில் தண்ணீர்,
வெயிலால்.

"போச்சா?" என்றார் தனபாலன்.
"போச்சு" என்றேன்.
அடக்க முடியாமல் சிரிப்பு.

இன்றைக்கும் சாக்கை நனைத்துத்தான் விரிக்கிறேன்,
தகரத்தைத் திட்டிக்கொண்டேதான்.
ஆனால் பத்து மணிக்கு
மேல் ஓட்டையில் ஒருமுறை கையை நீட்டுவேன்.
விரலிடுக்கில் ஏறிப் போகிறது அது,
அவசரமாக, எனக்கு வழி தெரியும் என்கிற மாதிரி.
மேசைமேல் புது இறக்கை, எலும்பு மட்டும்.
சுவரில் சிவப்புப் பேனாவால்
பெரிதாக எழுதியாயிற்று:
திரி.