உல்பான் கடை வளைவு

எண்பத்தோரு இறக்கைகள் வரவேண்டியிருந்தது.
ஒவ்வொன்றும் எழுபத்தெட்டு மீட்டர்.
மஞ்சள் விளக்கு சுழல
அவற்றுக்கு முன்னால் போகும் காரை
ஓட்டுவது அப்போது என் வேலை.

எல்லை நிலையத்தில் ரயிலிலிருந்து இறக்கி
லாரியில் படுக்கவைத்தால்
அலகோல் ஏரிக்கரை நெடுக சாதுவாய் வரும்.
சாரிபுலாக்கில் நின்றுவிடும்.
அங்கே தெரு இடப்பக்கம் திரும்புகிறது.
இறக்கை திரும்பாது.

கணினியில் ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னார்கள்,
நாலரை மீட்டர் இடிக்கிறது என்று.
அந்த நாலரை மீட்டரில்
உல்பானுடைய கடையின் மூலையும்
மூலையில் அடுக்கிய மாவு மூட்டைகளும்
மேல்மூட்டையில் ஒரு சாம்பல் பூனையும் இருந்தன.

ஒப்பந்தத் தாளோடு என்னை அனுப்பினார்கள்.
உல்பானுக்கு ஐம்பது வயது, இரண்டு செல்போன்,
கடன் கொடுப்பதில்லை என்று எழுதிய ஒரு பலகை.
பதினொரு பக்கத்தையும் படித்தாள்.
கண்ணாடியைக் கழற்றினாள்.
"இருபத்தைந்து வருஷம் கழிச்சு
இறக்கை தேஞ்சு போச்சுன்னா
எந்த வழியா வெளியே கொண்டுபோவீங்க?"

பதினொரு பக்கத்தில் எங்கும் அது இல்லை.

"அப்ப இது ரெண்டு இடிப்பு.
ரெண்டு விலை போடு."

அஸ்தானாவிலிருந்து வக்கீல்கள் வந்து போனார்கள்.
இரண்டு விலை போட்டோம்.

எங்கள் காற்றுக்கு எபி என்று பெயர்.
மலைகளுக்கு நடுவே கதவில்லாத ஒரு வாசல்;
அதன் வழியே குளிர்காலம் முழுக்க
யாரையும் கேட்காமல் உள்ளே வருவான்.
கம்பம் நட்டு இரண்டு வருஷம் அவனை அளந்தார்கள்.
கம்பத்தின் இழுகம்பியில் குதிரையைக் கட்டிவிட்டு
தோலெகென் கேட்டான்,
இதுவரை நான் தொலைத்த தொப்பிகளை எண்ணினால்
கணக்கு வந்துவிடாதா?
அந்த வாரமும் ஒன்று போனது. நரித்தோல்.
கம்பெனி ஈடு தரவில்லை.

திறப்பு விழாவுக்கு ஆளுநர் வந்தார்.
எபி வரவில்லை.
இருபத்தேழு காற்றாலைகளும்
சுளுக்குப் பிடித்த கழுத்தோடு நின்றன.
ரிப்பன்கூட அசையவில்லை.
புகைப்படக்காரர் பாவம், வீடியோ வேண்டாம் என்றார்.

ஆனால் ஒலிபெருக்கி பேசியது.
தேநீர் கொதித்தது.
வேலிக்குள் வரிசையாய் இருந்த
நாற்பத்தெட்டு வெள்ளைப் பெட்டிகள்
முந்தைய இரவு இரண்டு மணிக்கு
ஊரே போர்த்தித் தூங்கியபோது
யாருக்கும் வேண்டாமல் அடித்த காற்றை
மெல்லிய உறுமலோடு
திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன.

சேமக்கலன், நிலைத்த ஆற்றல், புதிய யுகம்
என்று ஆளுநர் நீட்டிக்கொண்டே போனார்.
உல்பான் என் காதருகே குனிந்தாள்.
"அறுவடையில மாவு வாங்கி
பிப்ரவரியில விக்கிறேனே, அதானே இது?"
ஆமாம் என்றேன்.
"ராத்திரி என்ன விலைக்கு எடுக்கறீங்க?
சாயங்காலம் என்ன விலைக்கு விடறீங்க?"
அதைச் சொல்லக்கூடாதென்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
அவள் சிரித்தாள்.
வியாபாரிக்கு வியாபாரி சிரிக்கும் சிரிப்பு.

இறக்கைகள் வந்து முடிந்ததும்
எனக்குப் பெட்டிகளில் இரவுப்பணி கிடைத்தது.
மைனஸ் முப்பதில் அவை
தம்மைச் சூடாக்கிக்கொள்ளவே கொஞ்சம் தின்னும்.
திரையில் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு
நானும் கொஞ்சம் தின்பேன்: ரொட்டி, வெங்காயம்.
இருபத்தியிரண்டு சதவீதம். இருபது. பதினெட்டு.
நகரத்தில் யாரோ
இன்னும் அடுப்பை அணைக்கவில்லை.

உல்பான் மூலையை மறுபடி கட்டினாள்.
சிமெண்ட் இல்லாமல்,
செங்கலை வெறுமனே அடுக்கி.
எப்படியும் பிரிக்கத்தானே போகிறோம்,
சிமெண்டுக்குத் தனிக்காசு நீங்கள் தரவில்லையே என்றாள்.
பூனை அந்தப் பக்கம் படுப்பதில்லை.
செங்கல் இடுக்குகளில்
எபி நுழையும்போது சீழ்க்கை கேட்கும்.
உல்பான் தூக்கம் கெட்டு எழுந்துகொள்வாள்.

நேற்று மூன்றேகாலுக்கு என் போன் அடித்தது.
வணக்கம் கிணக்கம் ஒன்றுமில்லை.
"வந்துட்டான். தூத்திக்கோ."

வைத்துவிட்டாள்.
திரையில் பதினேழு.
நான் ரொட்டியைக் கீழே வைத்தேன்.
மூன்று பத்தொன்பதுக்கு
முதல் காற்றாலை கழுத்தைத் திருப்பியது.